ஆசிரியரே இல்லாத பள்ளிக்கூடம்: ‘எ டெட்லி எஜுகேஷன்’ நாவல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவோமி நோவிக் எழுதி 2020இல் வெளியான இந்த மாயப்பள்ளி நாவலைப் பலருக்கு வாசிக்கக் கொடுத்திருக்கிறேன். சிலர் இரண்டே நாளில் முடித்துவிட்டு அடுத்த பாகத்தைக் கேட்டு வந்தார்கள். சிலர் நாற்பதாம் பக்கத்தில் மூடிவைத்துவிட்டு, “இந்தப் பெண் ஏன் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறாள்?” என்று திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இங்கே. முதல் நாவலின் கதையைத் தேவையான அளவுக்குச் சொல்லியிருக்கிறேன். அடுத்த பாகங்களின் முடிச்சுகளை அவிழ்க்கவில்லை.

கதை என்ன?

ஸ்கொலமான்ஸ் என்பது மந்திரவாதக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் உறைவிடப் பள்ளி. பதினான்கு வயதில் உள்ளே போனால் நான்கு ஆண்டுகளுக்கு வெளியே வர வழியில்லை. விடுமுறை கிடையாது, தொலைபேசி கிடையாது. ஆசிரியர் என்று ஒருவர்கூடக் கிடையாது. பள்ளிக்கூடமே பாடம் கொடுக்கும், பள்ளிக்கூடமே தண்டிக்கும். சுவர் இடுக்கு, குழாய், காற்றுத்துளை என எல்லா வழிகளிலும் மாயப் பிராணிகள் ஊர்ந்து வந்து மாணவர்களைத் தின்னும். அவற்றை ‘மால்’ என்கிறார்கள். நான்காம் ஆண்டின் கடைசி நாளில், பள்ளியின் அடித்தளத்தில் பசியோடு காத்திருக்கும் பெரிய மால்களின் நடுவே ஓடி வாசலைத் தாண்ட வேண்டும். பட்டமளிப்பு விழா என்பது அதுதான். தாண்டியவர் பட்டதாரி.

கதையைச் சொல்பவள் கலாட்ரியல், சுருக்கமாக எல். அம்மா வேல்ஸ் நாட்டுக்காரி, அப்பா மும்பைப் பக்கத்து மராத்தியர். எல் மூன்றாம் ஆண்டை முடிக்கும் தறுவாயில் இருக்கிறாள். அவளுக்கு வாய்த்த திறமை பேரழிவு. அறையைப் பெருக்க ஒரு மந்திரம் கேட்டாலும், ஊரையே சாம்பலாக்கும் மந்திரத்தைப் பள்ளி நீட்டும். அவளோ யாரையும் அழிக்க விரும்பாதவள். எல்லோரையும் திட்டிக்கொண்டே எல்லோருக்கும் நல்லது செய்துவிடும் வகை. நியூயார்க்கிலிருந்து வந்த ஓரியன் லேக் என்ற பையன், கேட்காமலேயே ஓடி ஓடி எல்லோரையும் காப்பாற்றுகிறான். அவன் இரண்டாம் முறை தன் உயிரைக் காப்பாற்றியதும், இவனைக் கொன்றுவிட வேண்டியதுதான் என்று எல் முடிவெடுக்கிறாள். நாவல் அந்த எரிச்சலில்தான் தொடங்குகிறது.

ஹாரி பாட்டர் மாதிரியா?

எதிர்மாதிரி என்றால் சரியாக இருக்கும். ஹாரி பாட்டரின் கவர்ச்சி அழைப்புக் கடிதத்தில் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே கிடந்த அநாதைப் பையனைத் தேடி ஒரு பள்ளி வருகிறது. அங்கே விருந்து, நண்பர்கள், தாத்தாவைப் போல ஒரு தலைமை ஆசிரியர். 1997இல் முதல் புத்தகம் வந்த பிறகு வளர்ந்த தலைமுறையில் அந்தக் கடிதத்துக்காக மனத்துக்குள் காத்திருக்காத பிள்ளைகள் குறைவு.

அந்தக் கனவைக் கையில் எடுத்துக்கொண்டு நோவிக் கணக்குக் கேட்கிறார். இவ்வளவு ஆபத்தான இடத்துக்குப் பெற்றோர் ஏன் பிள்ளையை அனுப்புகிறார்கள்? வெளியே இருந்தால் அதைவிட ஆபத்து என்பதால். இளம் மந்திரவாதியின் உடலில் ஊறும் சக்தி மால்களுக்குத் தேன் மாதிரி. வீட்டில் வளரும் பிள்ளை பிழைப்பதே அபூர்வம். பள்ளியில் ஏதோ ஒரு வாய்ப்பாவது உண்டு. இந்த ஒரு விடையிலேயே மாயப்பள்ளிக் கதைகளின் பழைய ஓட்டை ஒன்று அடைபட்டுவிடுகிறது. ஆண்டுதோறும் உயிராபத்து நேரும் ஒரு பள்ளியை மூடாமல் ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள் என்ற கேள்வி சிறு வயதிலிருந்தே என்னை உறுத்திய ஒன்று.

மந்திரவாதிகளுக்குப் பள்ளி என்ற எண்ணம் ஹாரி பாட்டருக்கும் முந்தியது. அர்சுலா லெ க்வின் 1968இலேயே ரோக் தீவில் ஒரு மாயப்பள்ளியைக் கட்டிவிட்டார்.

ஸ்கொலமான்ஸ் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

ருமேனிய நாட்டார் நம்பிக்கையிலிருந்து. திரான்சில்வேனியாவில் வசித்த எமிலி ஜெரார்ட் என்ற எழுத்தாளர், அந்த வட்டாரத்து மூடநம்பிக்கைகள் பற்றி 1885இல் எழுதிய கட்டுரையில் இதைப் பதிவு செய்தார். மலைகளின் நடுவே எங்கோ சாத்தான் நடத்தும் பள்ளி ஒன்று இருக்கிறதாம். ஒரு சமயத்தில் பத்து மாணவர்கள்தான். விலங்குகளின் மொழி, இயற்கையின் ரகசியங்கள், மந்திரங்கள் எல்லாம் கற்பிக்கப்படும். படிப்பு முடிந்ததும் ஒன்பது பேர் வீட்டுக்குப் போவார்கள். பத்தாமவனைச் சாத்தான் கட்டணமாக எடுத்துக்கொள்வான். பிராம் ஸ்டோக்கர் ஜெரார்டை வாசித்திருந்தார். 1897இல் வந்த ‘டிராகுலா’விலும் இந்தப் பள்ளி தலைகாட்டுகிறது.

நோவிக் அந்தப் பத்தாமவனை மறக்கவில்லை. கட்டணம் யார் தலையில் விழுகிறது என்பதுதான் நாவல் முழுவதும் ஓடும் கேள்வி. ஒரு வித்தியாசம்: இங்கே வீட்டுக்குப் போகிறவர்களைவிடப் போகாதவர்கள் அதிகம்.

இதில் மாயம் எப்படி வேலை செய்கிறது? அதில் அப்படி என்ன புதுமை?

மாயத்துக்கு எரிபொருள் வேண்டும். அதைச் சேர்க்க இரண்டு வழிகள். ஒன்று மானா: நீங்களே பாடுபட்டு ஈட்டுவது. தண்டால் எடுக்கலாம், கணக்குப் போடலாம், நூல் பின்னலாம். பிடித்ததைச் செய்தால் பலன் குறைவு. உடலுக்கோ மனத்துக்கோ சிரமமாக இருந்தால்தான் மானா சேரும். எல் குரோஷே பின்னுகிறாள், ஏனென்றால் அவளுக்கு அது துளியும் பிடிக்காது. அம்மா கொடுத்தனுப்பிய படிகங்களில் சிறுகச் சிறுகச் சேமிக்கிறாள். உண்டியலில் காசு போடுவதைப் போல.

இரண்டாவது வழி மாலியா: இன்னொரு உயிரிலிருந்து பிடுங்குவது. எறும்பு, பூச்சியில் தொடங்கலாம். பலரும் அந்த அளவோடு நின்று, தாங்கள் தப்பொன்றும் செய்யவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். துணிந்தவர்கள் மனிதரிடம் போவார்கள். அப்படிப் போனவர்கள் உள்ளுக்குள் அழுகத் தொடங்குவார்கள். எல்லோடு படிக்கும் லியு என்ற சீனப் பெண் குடும்பத்தாரின் யோசனைப்படி கூண்டு நிறைய எலிகளோடு பள்ளிக்கு வந்திருக்கிறாள், பிடுங்கிக்கொள்வதற்காக. எலிகளை என்ன செய்வது என்பது பின்னால் அவளுக்கு ஒரு மனப்போராட்டமாகிறது. நாவலின் மிக மென்மையான இழைகளில் அதுவும் ஒன்று.

மொழிதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். மந்திரங்கள் உலகின் எல்லா மொழிகளிலும் இருக்கின்றன. எந்த மொழி தெரியுமோ அந்த மொழியின் மந்திரங்களே கிடைக்கும். ஆனால் ஒரு புதிய மொழியின் பக்கம் ஆர்வமாகத் திரும்பிப் பார்த்துவிட்டால், ‘ஓ, படிக்கப்போகிறாயா?’ என்று பள்ளி அந்த மொழியிலேயே மந்திரங்களை அனுப்பத் தொடங்கிவிடும். பிறகு அதைக் கற்றே ஆக வேண்டும். எல்லுக்கு ஆங்கிலம், லத்தீன், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகியவற்றோடு இந்தி, மராத்தி, சமஸ்கிருதமும் தெரியும். பன்மொழிச் சூழலில் வளர்ந்த வாசகருக்கு இது சட்டென்று ஒட்டிக்கொள்ளும்: ஒரு மொழியைக் கற்பது ஒரு சொத்து, அதோடு ஒரு கடன்.

நூலகமும் அப்படித்தான். அங்கே புத்தகங்கள் ரோஷக்காரர்கள். கவனிக்காமல் விட்டால் நழுவி எங்கோ போய்விடும். அரிய நூல் ஒன்று கையில் சிக்கியதும் எல் அதைத் தடவிக்கொடுக்கிறாள், புகழ்கிறாள், தன் கையாலேயே அதற்கு ஒரு பெட்டி செய்கிறாள். புத்தகம் சேர்க்கிறவர்கள் இந்தப் பக்கங்களை ரகசியமாக ரசிப்பார்கள்.

எந்த நூல் அது? மகாபாரதத் தொடர்பு இருப்பதாகச் சொல்கிறார்களே?

இருக்கிறது. அந்த நூல் சமஸ்கிருதத்தில் எழுதப்பட்டது. பொற்கல் சூத்திரங்கள் என்று சொல்லலாம். மந்திரவாதிகள் பாதுகாப்பாக வாழும் காப்புக் குடியிருப்புகளை (என்கிளேவ் என்கிறார்கள்) எழுப்பும் பழைய மந்திரங்கள் அதில் உள்ளன. அவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் புரோசனன். ஆமாம், அதே புரோசனன். துரியோதனன் சொற்படி வாரணாவதத்தில் பாண்டவர்களுக்கு அரக்கு மாளிகை கட்டி, கடைசியில் அந்த நெருப்பிலேயே வெந்துபோனவன்.

நம்மில் எத்தனை பேருக்கு அவன் நினைவில் இருக்கிறான்? கதை கேட்கும்போது பீமனும் சுரங்கமும்தான் மனத்தில் நிற்கும். கட்டியவனைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. இப்படி ஒரு துணைப்பாத்திரத்தைப் பொறுக்கியெடுத்து, பாதுகாப்பான வீட்டுக்கும் எரியும் வீட்டுக்கும் ஒரே கொத்தனார் என்று வைத்தது வெறும் அலங்காரம் இல்லை என்பது மூன்று பாகங்களையும் படித்த பிறகு புரியும். அதற்கு மேல் இங்கே சொல்ல மாட்டேன்.

எல்லோரும் புகழும் அந்த ‘வர்க்க அரசியல்’ என்ன?

வர்க்க அரசியல் என்றதும் சிலர் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அதனால் அந்தச் சொல்லைத் தள்ளிவைத்துவிட்டுச் சாப்பாட்டுக்கூடத்தைப் பார்க்கலாம்.

ஸ்கொலமான்ஸில் தனியாகச் சாப்பிட உட்கார முடியாது. மேசைக்குக் கீழே பார்க்க ஒருவர், கூரையைப் பார்க்க ஒருவர், தட்டை வாங்கி வர ஒருவர் வேண்டும். குளிக்கப் போகவும் துணை வேண்டும்; ஒருவர் குளிக்க, மற்றவர் காவல் நிற்பார். நண்பர்கள் இல்லாதவருக்கு இங்கே ஆயுள் குறைவு. எல்லுக்கு நண்பர்கள் இல்லை. அவளைப் பார்த்தாலே பலருக்குக் காரணம் தெரியாத ஒரு கூச்சம். வகுப்பில் ஒதுக்கப்பட்ட பெண் மதிய உணவு வேளையில் தட்டோடு நிற்கும் நிமிடம் எந்த ஊர்ப் பள்ளியிலும் கொடுமையானது. இங்கே அந்த நிமிடத்தில் உயிரும் போகலாம். இளையோர் நாவலுக்கு இதைவிடக் கச்சிதமான உருவகம் கிடைப்பது கடினம்.

பணக்காரக் குடியிருப்புகளின் பிள்ளைகள் வரும்போதே கூட்டத்தோடு வருகிறார்கள். நியூயார்க், லண்டன் என்று அவர்களுக்குச் சேர்த்துவைத்த மானா இருக்கிறது. மூத்த மாணவர்கள் விட்டுச்சென்ற கருவிகள் இருக்கின்றன. மற்றவர்கள் அவர்களுக்கு வீட்டுப்பாடம் எழுதிக் கொடுத்து, ஆபத்தான பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பட்டமளிப்பு நாளில் அவர்களுடைய கூட்டணியில் இடம் பிடிக்கப் பார்க்கிறார்கள். இன்னும் கீழே ஒரு வகை உண்டு: பராமரிப்புப் பிரிவு. பள்ளியைப் பழுதுபார்க்கும் வேலையைப் பிறருக்குப் பதிலாகச் செய்து, அதற்குக் கூலியாகப் பின்னாளில் ஏதாவது ஒரு குடியிருப்பில் வேலைக்காரராக நுழையும் வாய்ப்பைத் தேடுகிறவர்கள். பணக்காரர்கள் ஏழைப் பிள்ளைகளை இந்தப் பள்ளியில் சேர்த்ததே இரக்கத்தால் இல்லை என்று எல் நேரடியாகச் சொல்கிறாள். வேலைக்கு ஆள் வேண்டும். மால்களின் பசிக்கு முன்னால் நிறுத்தவும் ஆள் வேண்டும்.

இந்தக் கணக்கில்தான் ஓரியன் கை வைக்கிறான். அவன் நல்லவன். பார்த்தவர்களையெல்லாம் காப்பாற்றுகிறான். விளைவு? மூன்று ஆண்டுகளாகச் சாக வேண்டியவர்கள் சாகவில்லை. கீழே மால்கள் பட்டினி. பட்டினி கிடந்தவை சுவரைக் குடைந்து மேலே வரத் தொடங்குகின்றன. அடுத்துப் பட்டம் பெறப்போகும் மூத்த மாணவர்கள், வழக்கத்தைவிடப் பசியோடு காத்திருக்கும் கூட்டத்தைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் ஓரியனைப் பார்க்கும் பார்வையில் நன்றி இல்லை. ‘எங்கள் உயிரை எடுத்து யாருக்குக் கொடுத்தாய்?’ என்ற கேள்விதான் இருக்கிறது.

வீரன் காப்பாற்றுவான், கைதட்டு விழும், கதை முடியும் என்று பழகிய வாசகரை இந்த இடம் உலுக்கிவிடும். கெட்ட ஏற்பாடு ஒன்றுக்குள் தனிமனிதர் செய்யும் நல்லது எங்கே போய்ச் சேர்கிறது என்பதை இளையோர் நாவல் ஒன்று இவ்வளவு தெளிவாகக் காட்டி நான் வாசித்ததில்லை. இந்த நாவலை நான் கைமாற்றுவதற்கு முதல் காரணம் இதுதான்.

அப்படியானால் குறை என்ன? பலர் ஏன் பாதியில் விட்டுவிடுகிறார்கள்?

எல்லின் வாய்.

அவளுடைய பேச்சுதான் நாவலின் உயிர். கசப்பும் கிண்டலும் சுயபரிதாபமும் கலந்த அந்தக் குரல் இல்லாவிட்டால் இத்தனை சாவுகளைப் படித்துத் தாங்க முடியாது. அந்தக் குரலேதான் நாவலைத் திணறவும் வைக்கிறது. முதல் அத்தியாயங்களில் ஒருவர் ஒரு கேள்வி கேட்பார். எல் பதில் சொல்வதற்கு முன், பள்ளி எப்படிக் கட்டப்பட்டது, மாலில் எத்தனை வகை, குழாய் எப்படி வேலை செய்கிறது, யார் யாரோடு கூட்டணி என்று இரண்டு மூன்று பக்கங்கள் நமக்கு விளக்குவாள். பதில் வரும்போது கேள்வி மறந்திருக்கும். நான் உண்மையிலேயே பலமுறை பக்கத்தைப் பின்னால் புரட்டியிருக்கிறேன்.

நாம் பார்த்து உணர வேண்டியவற்றைக்கூட அவள் சொல்லி முடித்துவிடுகிறாள். பயங்கரம் என்கிறாள், விளக்குகிறாள், அதன் வரலாற்றையும் சொல்கிறாள்; அதற்குள் பயம் ஆறிப்போகிறது. கல்லூரி விடுதியில் புதிதாகச் சேர்ந்தவனுக்கு முதல் இரவே எல்லாக் கதைகளையும் சொல்லித் தீர்க்கும் சீனியரைப் போல.

அவள் பேசாமல் இருக்கும் இடங்கள் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு காட்சி உண்டு. விழுங்கியவர்களைச் சாகவும் விடாமல் தனக்குள்ளேயே வைத்து அலறவிடும் பெரும் பூதம் ஒன்று, முதலாண்டுப் பிள்ளைகள் இருக்கும் பக்கம் ஊர்ந்து போகிறது. எல் ஓடியிருக்கலாம். எதிர்த் திசையில் வழி திறந்தே இருக்கிறது. அவள் பூதத்தின் பக்கம் திரும்பி நடக்கிறாள். அந்தப் பக்கங்களில் கிண்டல் நின்றுவிடுகிறது, விளக்கம் நின்றுவிடுகிறது, மூச்சும் அநேகமாக நின்றுவிடுகிறது. அவள் செய்ததை யாரும் பார்க்கவில்லை. சொன்னாலும் நம்ப மாட்டார்கள். நோவிக்கால் இப்படி எழுத முடியும் என்று தெரிந்த பிறகு, முன்னால் கடந்துவந்த விளக்கப் பக்கங்கள் மேல் கோபம் இன்னும் அதிகமாகிறது.

எல் இந்தியப் பெண்ணாகத் தெரிகிறாளா?

அரைகுறையாக. அதற்குக் கதைக்குள்ளேயே ஒரு நியாயம் உண்டு. அவள் பிறப்பதற்கு முன்பே அப்பா அந்தப் பள்ளியின் பட்டமளிப்பு நாளில், கர்ப்பிணியான அம்மாவைக் காப்பாற்றிவிட்டு இறந்துபோகிறார். அவள் சிறுமியாக இருந்தபோது அப்பாவின் குடும்பம் பாசத்தோடு அழைக்கிறது. போன இடத்தில் கொள்ளுப்பாட்டி, இந்தக் குழந்தை உலகின் குடியிருப்புகளுக்கெல்லாம் சாவையும் அழிவையும் கொண்டுவருவாள் என்று குறி சொல்லிவிடுகிறாள். அம்மா மகளைத் தூக்கிக்கொண்டு வேல்ஸுக்கே திரும்பிவிடுகிறாள். வேல்ஸ் ஊரிலும் அவள் அந்நியம், அப்பாவின் ஊரிலும் அந்நியம். இழந்த வீட்டின் மொழியை வகுப்பில் உட்கார்ந்து கற்கும் பிள்ளையின் வலி உண்மையானது.

ஆனால் அந்த வலி தகவலாகவே நின்றுவிடுகிறது. மராத்தி அவளுக்கு மந்திரம் படிக்க உதவுகிறது. அந்த மொழியின் ஒரு தாலாட்டோ, வசவோ, சமையற்கட்டு வாசனையோ அவளிடம் ஏக்கமாகக்கூடத் தங்கவில்லை. நியூஜெர்சியிலிருந்து வந்த ஆத்யா என்ற இந்திய வம்சாவளித் தோழி இதைவிட மேல். பேரம் பேசுவதில் கெட்டிக்காரி, கணக்கில் கறார், அதே சமயம் நம்பத் தகுந்தவள். எல் கண்டெடுத்த மந்திரத்தை மூத்த மாணவர்களிடம் ஏலம் விட்டு நல்ல விலை வாங்கித் தருவது அவள்தான். எனக்கு எல்லைவிட ஆத்யாவைத்தான் அதிகம் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிற நாட்டு மாணவர்கள் நிலை இன்னும் மோசம். யார், எந்த ஊர், எந்த மொழிக் கூட்டம் என்று அறிமுகம் ஆகிறார்கள். பெரும்பாலோர் அதோடு சரி. ஆங்கிலமும் சீன மாண்டரினும்தான் பாட மொழிகள். ஏன் அந்த இரண்டு மட்டும் என்று கேட்டால், அதுவும் பணமும் அதிகாரமும் போட்ட கணக்கு என்கிறது நாவல். சரியான பதில்தான். ஆனாலும் உலகப் பள்ளி என்று சொல்லிவிட்டு முந்நூறு பக்கங்களில் உலகத்தை ஒரு பட்டியலாகக் காட்டுவதற்கு அந்தப் பதில் போதாது.

வெளியானபோது எழுந்த சர்ச்சை என்ன?

முடியைச் சடைப்புரிகளாக வளர்ப்பது பள்ளியில் ஆபத்து, அதற்குள் ஒரு மால் முட்டையிடும் என்று ஒரு பத்தி முதல் பதிப்பில் இருந்தது. கறுப்பினத்தவரின் சிகையலங்காரத்தை அழுக்கோடும் புழுவோடும் சேர்த்துப் பேசும் நெடுங்கால இழிவுக்கு இது துணைபோகிறது என்று வாசகர்கள் எதிர்த்தார்கள். நோவிக் 2020 அக்டோபரில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அடுத்த அச்சுகளிலிருந்து அந்தப் பகுதியை நீக்குவதாகவும் அறிவித்தார்.

என் கருத்து: அந்தப் பத்தி கெட்ட எண்ணத்தில் எழுதப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. மேலே சொன்ன அதே வியாதிதான் காரணம். எல்லாவற்றுக்கும் ஒரு மால், எல்லா மாலுக்கும் ஒரு விளக்கம் என்று அடுக்கிக்கொண்டே போகும் பழக்கத்தில், எதை எழுதுகிறோம் என்று நின்று பார்க்கவில்லை. காரணம் அலட்சியம் என்பதால் காயம் சிறிதாகிவிடாது என்பதும் உண்மை.

காதல் கதையா?

கொஞ்சம். அதில் ஓரியன் பலவீனமான கண்ணி. அவனுக்கு மால் வேட்டை தவிர வேறு நினைப்பு இல்லை; வெள்ளைத்தாள் மாதிரி இருக்கிறான். எல்லோரும் அவனைப் புகழ, இவள் ஒருத்தி மட்டும் வசைபாடுவதால் அவன் இவள் பின்னால் வருகிறான் என்பது வேடிக்கையாக இருக்கிறது, காதலாக நம்ப முடியவில்லை. அவன் ஏன் வெள்ளைத்தாளாக இருக்கிறான் என்பதற்கு மூன்றாம் பாகத்தில் திடுக்கிடவைக்கும் காரணம் வருகிறது. அது வரைக்கும் வாசகர் பொறுமை காக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி.

எல், ஆத்யா, லியு மூவரும் தட்டுத் தடுமாறி ஒரு கூட்டணியாகும் கதைதான் உண்மையில் இதன் காதல் கதை. கொடுக்கல் வாங்கலாகத் தொடங்கியது எந்த நாளில் நட்பானது என்று அவர்களுக்கே தெரிவதில்லை. ‘இவளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேனா?’ என்று எல் மனத்துக்குள் கணக்குப் பார்ப்பதை ஒரு நாள் மறந்துபோகிறாள். அவ்வளவுதான் காட்சி. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பள்ளிக்கதையாக வேறு ஏதாவது குறைகிறதா?

ஆசிரியர். ஆளில்லா வகுப்பறை அபாரமான யோசனை. ஆனால் அதற்கு விலை உண்டு. நமக்குப் பிடித்த பள்ளிக்கதை எதை எடுத்தாலும் அதில் ஒரு வாத்தியார் இருப்பார், நல்லவரோ கெட்டவரோ. ஒரு பிள்ளை மேல் ஒரு பெரியவர் கண் வைக்கும் அந்த நிமிடம் இந்த நாவலில் வரவே முடியாது. வேல்ஸில் இருக்கும் அம்மா மட்டும்தான் அந்த இடத்தில் நிற்கிறாள், நினைவாக. மாயத்தால் கிடைக்கும் ஒரு காசையும் தொடாமல், கேட்டவர்க்கெல்லாம் இலவசமாக வைத்தியம் செய்யும் அந்த அம்மாவை இன்னும் சற்று அதிகமாகப் பார்த்திருக்கலாம்.

எந்த வயதினருக்கு ஏற்றது?

பதினான்கு, பதினைந்துக்கு மேல். ரத்தம், சாவு, கெட்ட வார்த்தை எல்லாம் உண்டு. ஒரு மாணவன் கலாட்ரியலைக் கத்தியால் குத்தும் காட்சியும் உண்டு. இரண்டாம் பாகத்தில் உடலுறவு சார்ந்த பகுதியும் வருகிறது. அமெரிக்காவில் இதை வெளியிட்ட டெல் ரே பெரியவர்களுக்கான அறிபுனை, மிகுபுனை நூல்களை வெளியிடும் பதிப்பகம். ஆனால் விருதுகள் இதை இளையோர் வரிசையில் வைத்தன. கடைக்காரர்களுக்கும் இதே குழப்பம். ஆங்கிலம் கடினம் இல்லை, ஆனால் வாக்கியங்கள் நீளம். எல் மூச்சு விடாமல் பேசுவாள் என்று சொன்னேன் அல்லவா.

எழுதியவர் யார்?

1973இல் நியூயார்க்கில் பிறந்தவர். கணினி அறிவியல் படித்து, கணினி விளையாட்டு உருவாக்கத்திலும் வேலை பார்த்தவர். இந்த நாவலில் மானாவைக் கணக்கு வைத்துச் சேமிக்கும் முறையில் அந்த அனுபவத்தின் சாயல் தெரிவதாக எனக்குப் படுகிறது. நெப்போலியன் காலத்துப் போரில் டிராகன்களைப் பறக்கவிட்ட ‘டெமரேர்’ வரிசையால் 2006இல் அறியப்பட்டார். போலந்து நாட்டுப்புறக் கதைகளின் மண்ணில் வேரூன்றிய ‘அப்ரூட்டட்’ 2015இல் வந்து நெபுலா விருது பெற்றது. ஒரே ஒரு நூலை மட்டும் வாசிக்க நேரம் உள்ளவருக்கு நான் ‘அப்ரூட்டட்’டைத்தான் கொடுப்பேன்.

அடுத்த பாகங்களையும் படிக்க வேண்டுமா?

‘தி லாஸ்ட் கிராஜுவேட்’ 2021இலும், ‘தி கோல்டன் என்கிளேவ்ஸ்’ 2022இலும் வந்தன. மூன்றும் லோட்ஸ்டார் இளையோர் நூல் விருதின் இறுதிப் பட்டியலில் இடம் பெற்றன. இரண்டாவது 2022இல் அந்த விருதை வென்றது. அது சரியான தேர்வு. எல் தன் உயிரை மட்டும் காப்பாற்றிக்கொள்வதா, எல்லோரையும் வெளியே கொண்டுவருவதா என்ற கேள்வி இரண்டாம் பாகத்தில் கூர்மையாகிறது. விளக்கச் சுமையும் குறைகிறது. மூன்றாம் பாகம் பள்ளிக்கு வெளியே போகிறது. அங்கே கட்டணம் யார் கட்டினார்கள் என்ற கேள்விக்கு விடை கிடைக்கிறது. விடை கசப்பு. ஊர் ஊராக ஓடும் வேகத்தில் சில பக்கங்கள் தடுமாறினாலும் அந்தக் கசப்புக்காகவே படிக்கலாம்.

நாற்பதாம் பக்கத்தில் நிறுத்திவிட்டேன். தொடரலாமா?

எல்லின் குரல் உங்களுக்கு எரிச்சலாக இருந்தால் அது கடைசிப் பக்கம் வரை மாறாது. மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் மூடிவைக்கலாம். குரல் பிடித்து, விளக்கங்கள் மட்டும் சலிப்பூட்டினால், மால்களின் வகைப்பாடு வரும் பத்திகளை மேலோட்டமாகத் தாண்டிப் போங்கள். எதுவும் குடிமுழுகிவிடாது, தேவையானதை அவளே இன்னொரு முறை சொல்வாள். பெரும் பூதம் வரும் அத்தியாயம் வரை மட்டும் வந்து பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. கடைசிப் பக்கத்தில், புதிதாகப் பள்ளிக்குள் வரும் முதலாண்டு மாணவன் ஒருவன் வழியாக எல்லுக்கு அம்மாவிடமிருந்து ஒரு துண்டுச் சீட்டு வருகிறது. மிகச் சில சொற்கள்தான். அதை இரவில் வாசிப்பதாக இருந்தால் இரண்டாம் பாகத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை, மறுநாள் கடை திறக்கும் வரை காத்திருந்தேன்.